அரை யூனிட்

உறையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
கருநீலக் காகிதம், உள்ளே வெள்ளித்தாள்,
நாவல்பழம் போலிருந்தும் நாவல்பழம் இல்லாத
ஒரு பழத்தின் படம்.
"பிளாக் கரண்ட்" என்றாள் எவா.
எனக்குத் தெரிந்த கரண்ட்
வியாசர்பாடியில் ராத்திரி பத்தரைக்குப் போவது.

வகுப்பில் யாரோ ஹன்சிகாவுக்குப் பிறந்தநாள்.
நாற்பத்தொரு பேர் அங்கேயே தின்று முடித்துவிட்டார்கள்.
இவள் மட்டும் ஜாமெட்ரி பாக்ஸில்
காம்பஸுக்கும் ரப்பருக்கும் நடுவில் படுக்கவைத்து
வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.
"எவ்ளோப்பா இது?"
விலை கேட்கவில்லை.
மாவுச்சத்து கேட்கிறாள்.

இட்லி என்றால் தூக்கத்தில் சொல்வேன்.
ரெஜினா ஊற்றும் அளவுக்கு ஒன்று பன்னிரண்டு கிராம்.
பரோட்டா முப்பது,
ஓட்டேரி முனைக் கடையில் வாங்கினால் முப்பத்தைந்து.
இதற்குப் பெரிய பாக்கெட்டின் முதுகைப் பார்க்கணும்.
"நாளைக்குச் சொல்றேன்."
முகம் சுளிக்காமல் மூடிவைத்தாள்.
மூன்று வருஷமாய் இப்படித்தான்,
சுளிக்காததுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் பெரம்பூர் டு பெசன்ட் நகர்.
இரண்டாவது சிங்கிள் முடிந்து
டீக்குக் கிடைக்கும் பன்னிரண்டு நிமிஷத்தில்
தோளில் பையோடு ஒரு ஏசி கடைக்குள் நுழைந்தேன்.
அதே கருநீலம், மூன்றாவது அடுக்கில்.
திருப்பினேன்.
எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து,
பாதி மடிப்புக்குள்,
மீதிமேல் தேதி முத்திரை.

நூறு கிராமுக்கு
ஆற்றல் ஐந்நூற்றுப் பதினெட்டு
கொழுப்பு முப்பத்திரண்டு
புரதம் ஐந்து
மாவுச்சத்து ஐம்பத்திரண்டரை,
அதில் நாற்பத்தொன்று வெறும் சர்க்கரை.
பழத்தைத் தேடினேன்.
கடைசி வரியில், உப்புக்கும் கீழே,
வாசனை மட்டும் இருந்தது.
ஏறாத ஆளுக்கு டிக்கெட் கிழித்திருக்கிறார்கள்.

"எடுத்துக்கறீங்களா அண்ணா?"
"படிச்சுட்டுத் தர்றேம்மா."
முந்நூற்று அறுபது ரூபாய்.
இருபத்துநாலு துண்டு, நூற்றுத்தொண்ணூற்றிரண்டு கிராம்,
ஆக ஒன்று எட்டு.
செல்லாத டிக்கெட்டின் பின்பக்கம் பெருக்கினேன்:
நாலு புள்ளி இரண்டு.
எவாவுக்கு எட்டு கிராமுக்கு ஒரு யூனிட் என்பது
எழும்பூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா போட்டுத் தந்த கணக்கு.
அப்போ இதற்கு அரை.
அரை டிக்கெட்!
சிரித்துவிட்டேன் போல, அந்தப் பெண் பார்த்தாள்.
வெளியே வேதநாயகம் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தான்.

போகிற வழியெல்லாம் கொழுப்பை நினைத்தேன்.
அது ஜெமினி சிக்னல் மாதிரி,
சர்க்கரையை நிறுத்தி நிறுத்தித்தான் விடும்.
ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து பார்க்கணும்.

வீட்டுக்கு வந்து பாக்ஸைத் திறந்தால்
சித்திரை வெயிலில் உருகி, மறுபடி இறுகி,
வெள்ளை பூத்து, ஓரத்தில் பென்சில் சீவலோடு
ஏதோ ஒரு உருவத்தில் கிடந்தது.
உரித்தாள்.
"தாள்ல ஒட்டுனது எத்தனை கிராம்ப்பா?"
பதினேழு வருஷம் சில்லறை எண்ணிய கை.
தெரியவில்லை.

ஊசிப்பேனாவை அரைக்குத் திருகி வயிற்றில் வைத்தேன்.
பத்து வரை அவளே எண்ணினாள்.
பிறகு தின்றாள், அவசரப்படாமல்.
"எப்படியிருக்கு?"
"கசக்குது. நல்லாருக்கு.
கொஞ்சம் பென்சில் மாதிரியும் இருக்கு."
தாளை என்னிடம் நீட்டினாள்.
நக்கினேன். பென்சில்தான்.

ஒரு மணி. செல்போன் வெளிச்சம்.
தூங்குகிறவள் சுட்டுவிரலைக் குத்தி
ஒரு சொட்டு எடுத்தேன்.
இருநூற்று நாற்பது.
எங்கே தப்பினேன்,
எட்டா, ஐம்பத்திரண்டரையா, சிக்னலா?
ரெஜினாவை எழுப்பக் கை நீட்டியபோது
விரலிலிருந்து அந்த வாசனை வந்தது,
பாக்கெட்டில் எங்கேயும் இல்லாத பழம்.
பூனை மாதிரி கை கழுவாமல் படுத்திருக்கிறாள்.

ஈரத்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தேன்.
மோதிரவிரலில் மறுபடி குத்தினேன்.
நூற்று முப்பத்தெட்டு.

முதல் எண்ணை நோட்டில் எழுதவில்லை.
துணியை அலசவும் மறந்துவிட்டேன்.
காலையில் ரெஜினா கேட்பாள்,
இதென்ன கறை என்று.